முதல் காதலை யார் வாயால் சொல்வது?

போன மாதம் நண்பர் ஒருவர் போன் செய்தார். "22 அத்தியாயம் 'அவன், அவன்' என்றே எழுதிவிட்டேன். இப்போது எல்லாவற்றையும் 'நான்' ஆக்கிவிடலாமா?" சில வாரம் முன்னால் இன்னொருவர் இதையே தலைகீழாகக் கேட்டிருந்தார். இரண்டு பேர் எழுதுவதும் கிட்டத்தட்ட ஒரே கதைதான். சிறு நகரம், பிளஸ் டூ, ஒரு முதல் காதல், அது கைகூடாமல் போவதற்குள் ஆள் வளர்ந்துவிடுவது. இருவரும் மாட்டிக்கொண்டிருந்த இடமும் ஒன்றுதான்: கதையை யார் சொல்வது?

கம்ப்யூட்டரில் ஒரு சொல்லைத் தேடி இன்னொன்றை வைத்தால் முடிகிற வேலையாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! தமிழில் 'போனான்' எல்லாம் 'போனேன்' ஆக வேண்டும். அதைக்கூட ஒரு வாரம் உட்கார்ந்து செய்துவிடலாம். ஆனால் சொல்கிற ஆள் மாறினால் அவர் கண்ணில் படுவதும் மாறும், கதையே வேறாகும். நான் இதில் சூடு பட்டவன். என் முதல் முயற்சியில் 300 பக்கத்தை, நாற்பது வயது ஆள் திரும்பிப் பார்க்கிற குரலில், ஒன்றரை வருடம் எழுதினேன். அது இப்போது பரணில் இருக்கிறது.

எதை வைத்து எடை போடுவது

முதலில் சூடு. பதினேழு வயதில் ஒருத்தி திரும்பிப் பார்த்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. அந்தப் படபடப்பு பக்கத்தில் இருக்கிறதா, 'எனக்குப் படபடப்பாக இருந்தது' என்ற செய்தி மட்டும் இருக்கிறதா?

அடுத்தது எதிரில் இருக்கிற ஆள். நான் படித்த கையெழுத்துப் பிரதிகளில் நிறைய விழுந்தது இந்தக் குழியில்தான். பையனுக்கு அப்பாவின் கடன், கிரிக்கெட், அறுந்த செருப்பு, தம்பியோடு சண்டை எல்லாம் இருக்கும். பெண்ணுக்கு ஒரு ஜடை, ஒரு சிரிப்பு, கொஞ்சம் மல்லிகை. அவளுக்கு எந்தப் பாடம் வராது, வீட்டில் யாரைக் கண்டால் ஆகாது என்று கேட்டால் எழுதியவருக்கே தெரியாது. பெண்கள் எழுதிய பிரதிகளில் பையன் வெறும் பைக்காகவும் சட்டையாகவும் முடிந்துபோனதையும் பார்த்திருக்கிறேன். மற்ற எந்த அளவுகோலையும்விட எனக்கு இதுதான் பெரிது.

மூன்றாவது, தெரிவதில் உள்ள இடைவெளி. பதின்வயது ஆளுக்குப் புரியாதது வாசகருக்குப் புரிய வேண்டும். ரொம்பவும் முன்னதாகப் புரிந்துவிட்டால் சலிப்பு, கடைசிவரை புரியாவிட்டால் எரிச்சல்.

நான்காவது, உழைப்பு. ஒரு குரலை 250 பக்கம் தாங்கிப் பிடிக்க உங்களால் முடியுமா?

ஐந்தாவது, வயது. பாத்திரங்கள் பதினெட்டுக்குக் கீழே இருப்பவர்கள், எழுதுகிறவர் பெரியவர். யார் கண் வழியாக அவர்களைப் பார்க்கிறோம் என்பதைக் கொஞ்சம் கூச்சத்தோடு நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். கதை நடக்கும் ஆண்டும் இதில் சேரும். 1995இல் டிசி வாங்கி மாமா ஊருக்கு அனுப்பியதோடு முடிந்த கதை, போக்சோ சட்டம் நடைமுறைக்கு வந்த 2012 நவம்பருக்குப் பிறகு என்றால் காவல் நிலையத்தில் போய் நிற்கலாம். பதினெட்டுக்குக் கீழே இருப்பவரின் சம்மதத்தை அந்தச் சட்டம் கணக்கில் எடுப்பதில்லை. யார் சொல்கிறார் என்பதைப் பொறுத்து அந்த நிழல் கதையில் எவ்வளவு விழும் என்பதும் மாறும்.

எல்லாருக்கும் ஒரே காட்சி

ஒப்பிட வசதியாக ஒரு காட்சியை வைத்துக்கொள்வோம். 2012, கும்பகோணம். மாவட்டங்களில் மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாத காலம். டியூஷன் வீட்டு மொட்டைமாடி. விக்னேஷிடம் வாங்கிப்போன இயற்பியல் ரெக்கார்டு நோட்டைச் சரண்யா திருப்பித் தருகிறாள். வீட்டுக்குப் போய்த் திறந்தால் உள்ளே ஒரு பஸ் டிக்கெட், கும்பகோணத்திலிருந்து சுவாமிமலைக்கு. நடந்தது என்னவென்றால், டியூஷன் ஃபீஸ் கட்டப் பணம் கேட்டு அவள் சுவாமிமலையில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் போனாள். கிடைக்கவில்லை. திரும்பி வந்து படிக்கும்போது டிக்கெட்டை நோட்டுக்குள் அடையாளமாக வைத்தவள் அதை எடுக்க மறந்துவிட்டாள். விக்னேஷுக்கு இது எதுவும் தெரியாது.

1. வளர்ந்தவர் திரும்பிப் பார்த்துச் சொல்வது

*அந்த டிக்கெட் இன்னும் என் பர்ஸில் இருக்கிறது. எழுத்து மங்கிவிட்டது. சுவாமிமலைக்கு என்னோடு வருகிறாயா என்று கேட்கிறாள் என்றுதான் அன்று நினைத்தேன். சித்தப்பா வீட்டுக் கதை பத்து வருடம் கழித்து, ஒரு கல்யாண வீட்டில், அவள் தோழி ஜெனி சொல்லித்தான் தெரிந்தது.*

நம்மில் பலருக்குக் கை தானாகப் போவது இதற்குத்தான். எழுதுகிற வயதும் சொல்கிற வயதும் ஒன்று என்பதால் மொழிக்குத் தனியாகச் சிரமப்பட வேண்டாம். காலத்தைத் தாவலாம், வேண்டாததை விடலாம், இரண்டு வரியில் ஐந்து வருடத்தைக் கடக்கலாம். வயதுச் சங்கடத்தையும் ஓரளவு சமாளிக்கலாம். பெரியவர் பெரியவராகவே பேசுகிறார், சிறுபிள்ளை வேஷம் போடவில்லை.

செலவு எங்கே என்றால், பெருமூச்சில். 'அன்று எனக்குத் தெரியாது' என்பது முதல் தடவை வரும்போது வாசகர் நிமிர்ந்து உட்காருவார். ஐந்தாவது தடவை கொட்டாவி விடுவார். என் பரண் பிரதியை ஒருநாள் எடுத்து, அந்த வரியும் அதன் தம்பி தங்கைகளும் எத்தனை இருக்கின்றன என்று எண்ணினேன். 41. காதல் எல்லாம் முடிந்து ஆறிப்போனது என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டு அப்புறம் 300 பக்கம் சூடு காட்டப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு மறைவான செலவு, அவள் உறைந்துபோவது. நினைவில் இருப்பவர்களுக்கு வயதாவதில்லை. நாற்பது வயது ஆள் பதினேழு வயதுப் பெண்ணை நினைத்து உருகிக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் வாசகருக்கு நெளிகிறது. உருக்கத்துக்கு நடுவே அவர் தன்னையே கொஞ்சம் கேலி செய்துகொண்டால்தான் அது தாங்கும்.

இதை எப்படிச் செய்வது என்று பார்க்க 1860இல் வந்த துர்கனேவின் 'முதல் காதல்' குறுநாவலைப் படித்துப் பாருங்கள். சொல்கிறவருக்கு நாற்பது வயதுபோல. கதையில் அவருக்குப் பதினாறு, அவர் விரும்பும் சினாயிதாவுக்கு இருபத்தொன்று. அவள் விரும்புவது பையனின் அப்பாவைத்தான் என்று அவன் கண்டுபிடிப்பதற்குப் பல பக்கம் முன்பே நாம் சந்தேகப்பட ஆரம்பித்துவிடுகிறோம். நாற்பது வயதுக்காரருக்கு எல்லாம் தெரியும், ஆனால் முன்கூட்டியே வாய் திறப்பதில்லை. பையன் அன்று பார்த்ததை மட்டும், அவன் பார்த்த வரிசையிலேயே வைக்கிறார். அந்த அடக்கம் உங்களால் முடியும் என்றால் இந்த வழி உங்களுக்கு. என்னால் முடியவில்லை.

2. அந்த வயதிலேயே நின்று 'நான்' என்பது

*கரண்ட் போச்சு. நல்லவேளை, என் மூஞ்சி எப்படி இருந்திருக்கும்னு எனக்கே தெரியும். நோட்டை நீட்டினா. தேங்க்ஸ்கூட இல்லை. வீட்டுக்கு வந்து திறந்தா டிக்கெட். சுவாமிமலை! அறுபது படி. அறுபது படியும் அவகூட ஏறினா எவ்வளவு நேரம் ஆகும்னு கணக்குப் போட்டுக்கிட்டே தூங்கிட்டேன்.*

சூட்டுக்கு இதை மிஞ்ச எதுவும் இல்லை. விக்னேஷின் தப்பான கணக்கை நாம் அவனோடு சேர்ந்தே போடுகிறோம்.

விலையும் அதிகம்தான். பேச்சு மொழியை எவ்வளவு தூரம் விடுவது என்று முதல் பக்கத்திலேயே முடிவெடுக்க வேண்டும். கும்பகோணத்துப் பையன் பேசுவது வேறு, தூத்துக்குடிப் பையன் பேசுவது வேறு. யாழ்ப்பாணத்துப் பையன் என்றால் வினையே வேறு மாதிரி முடியும். தெரியாத வட்டார மொழியில் கை வைத்தால் அந்த ஊர்க்காரர் பத்து பக்கத்துக்குள் கண்டுபிடித்துவிடுவார். காலமும் காட்டிக்கொடுக்கும். 2019இல் நடக்கும் ஒரு பிரதியில் பையன் 1200க்கு எத்தனை மார்க் வரும் என்று கவலைப்படுகிறான். பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்து, மொத்த மார்க் 600 ஆகிவிட்டது எழுதியவருக்கு நினைவில்லை. பெரியவர் சொல்கிற கதையில் இதை ஞாபகப் பிசகு என்று விட்டுவிடலாம். பையனே சொல்லும்போது மன்னிப்பு கிடையாது.

எதிரில் இருக்கும் ஆளைப் பொறுத்தவரை இதுதான் மிக ஆபத்தான வழி. விக்னேஷுக்குச் சித்தப்பா வீடு தெரியாது. ஆகவே வாசகருக்கும் தெரியாமல் போகலாம். அவன் கவனிக்காமல் சொல்லிவிட்டுப் போகிற சின்ன விஷயங்களில்தான் அவள் ஒளிந்திருக்க வேண்டும். 'ஃபீஸ் கட்டாதவங்க லிஸ்டை சார் படிச்சப்ப அவ பேனாவையே பாத்துட்டிருந்தா' என்று ஒரு வரி போகிறபோக்கில் வந்தால் போதும், அவனுக்குப் புரியாதது நமக்குப் புரிந்துவிடும். 1951இல் வந்த சாலிங்கரின் 'தி கேட்சர் இன் தி ரை' நாவலில் ஜேன் என்ற பெண் ஒரு காட்சியில்கூட நேரில் வருவதில்லை. கதை சொல்லும் ஹோல்டன் அவளுக்குப் போன் செய்யலாமா என்று யோசித்துக்கொண்டே இருக்கிறான். செக்கர்ஸ் ஆடும்போது ராஜாக்களை நகர்த்தாமல் கடைசி வரிசையிலேயே அடுக்கி வைத்துக்கொள்வாள் என்று மட்டும் நினைவுபடுத்திக்கொள்கிறான். அந்த ஒரு பழக்கத்தில் ஒரு முழுப் பெண் எழுந்து வந்துவிடுகிறாள். ஜடையும் மல்லிகையும் அந்த வேலையைச் செய்யாது.

3. நண்பனோ தோழியோ சொல்வது

*சரண்யா எந்தப் புத்தகத்தைப் படித்தாலும் பஸ் டிக்கெட்டைத்தான் அடையாளம் வைப்பாள். சித்தப்பா வீட்டு வாசலில் அவள் அரைமணி நேரம் நின்றது எனக்கு மட்டும்தான் தெரியும். அடுத்த நாள் விக்னேஷ் அந்த டிக்கெட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சுற்றினான். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.*

இதை யாரும் யோசிப்பதே இல்லை என்பது எனக்கு ஆச்சரியம். நம் ஊரில் எந்தப் பள்ளிக்கூடக் காதல் நண்பர்கள் இல்லாமல் நடந்திருக்கிறது? சீட்டுக் கொடுப்பது, காவல் நிற்பது, 'அவ உன்னைப் பார்த்தா' என்று சத்தியம் செய்வது எல்லாம் அவர்கள்தான். இது நமக்குப் பழக்கமான ஏற்பாடும்கூட. சங்க அகப்பாடல்களில் காதலர்கள் மட்டும் பேசுவதில்லை. தோழி பேசுகிறாள், செவிலித்தாய் பேசுகிறாள், வழியில் கண்டவர்கள்கூடப் பேசுகிறார்கள். அதிலும் தோழி பேசும் பாடல்கள் ஏராளம். காதலரின் பெயரைச் சுட்டிச் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பியம் சொல்லும் அகத்திணை மரபு. பக்கத்தில் இருப்பவர் எல்லாம் அறிவார், ஆனால் காட்டிக்கொடுக்க மாட்டார். ஒரு நாவலுக்கு இதைவிட நல்ல கதைசொல்லி கிடைப்பது கஷ்டம்.

இரண்டு பேரும் ஆளாகத் தெரிவது இந்த வழியில்தான். ஜெனி ஃபீஸ் விவகாரத்தையும் பார்க்கிறாள், சட்டைப்பையையும் பார்க்கிறாள். இருவர் தனியாக இருக்கும் இடத்துக்கு அவளால் போக முடியாது என்பது வயது விஷயத்தில் ஒரு வசதி. கதவுக்கு வெளியே நிற்பது இந்தக் கதைசொல்லிக்கு இயல்பான இடம்.

அதுவே செலவாகவும் ஆகலாம். முக்கியமான பேச்சு எல்லாம் அவள் இல்லாதபோது நடக்கும். ஒட்டுக்கேட்டாள், எதேச்சையாக அந்தப் பக்கம் வந்தாள் என்று மூன்று தடவைக்கு மேல் எழுதினால் வாசகர் சிரித்துவிடுவார். அதைவிடப் பெரிய செலவு, ஜெனிக்கு ஒரு கதை வேண்டும். ஏன் அவள் விக்னேஷிடம் சொல்லவில்லை? தோழிக்குக் கொடுத்த வாக்கா, பொறாமையா, அவளுக்கும் அவன்மேல் ஒரு இதுவா? இந்தக் கேள்வி ஒருமுறை நுழைந்தால் நாவல் அதன் பின்னால் போய்விடும். 1913இல் வெளிவந்த ஆலன்-ஃபூர்னியேயின் 'லு கிரான் மோன்' நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். பதினேழு வயது மோனின் காதலைச் சொல்வது பதினைந்து வயது பிரான்சுவா, ஆசிரியரின் மகன். மோன் தேடித் தேடி அடைந்த பெண்ணைக் கைப்பிடித்துவிட்டு விட்டுப் போய்விடுகிறான். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வது பிரான்சுவா. அவள் இறந்தபின் உடலைக் கையில் ஏந்தி மாடிப்படி இறங்குவதும் அவன்தான். படித்து முடித்தபின் இது யாருடைய முதல் காதல் கதை என்றே எனக்குச் சந்தேகம் வந்தது. உங்கள் நாவல் அப்படித் திரும்பினால் உங்களுக்குச் சம்மதமா என்று முதலிலேயே யோசித்துக்கொள்ளுங்கள்.

4. 'அவன்', 'அவள்' என்று அருகில் நின்று சொல்வது

*சரண்யா நோட்டை நீட்டினாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. விக்னேஷ் அவள் கையைத்தான் பார்த்தான். நகத்தில் நீல மை.*

ஒரு அத்தியாயம் அவன், ஒரு அத்தியாயம் அவள் என்று மாறி மாறிப் போகலாம் என்பது இதன் பெரிய வசதி. டிக்கெட் யாரிடமிருந்து எங்கே போனது, ஒவ்வொருவருக்கும் அது என்ன என்பதை வாசகர் இரு பக்கமும் நின்று பார்ப்பார். மொழியும் உங்கள் வசத்தில் இருக்கும். உரையாடலைப் பேச்சு வழக்கிலும் மற்றதை எழுத்துத் தமிழிலும் வைப்பது நமக்குக் கைவந்த வழக்கம்தான்.

ஆனால் மாறி மாறிச் சொல்லும்போது வாசகருக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது. அவனும் விரும்புகிறான், அவளும் விரும்புகிறாள் என்று இருபதாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டால் மிச்சம் இருப்பது காலதாமதம் மட்டும்தான். ஒருவர் மனதுக்குள் மட்டும் போய், மற்றவரை வெளியிலிருந்தே காட்டுவது இதற்கு ஒரு மாற்று. அப்போது இரண்டாவது வழியின் குறை பாதி இங்கேயும் வந்துவிடும். அப்புறம், எழுத்தாளர் தலை நீட்டுவது. 'பாவம், அந்த வயதில் எல்லாமே அப்படித்தான்' என்று ஒரு வரி எங்கிருந்தோ வந்து உட்காரும். அது விக்னேஷ் சொல்வதில்லை, நீங்கள் சொல்வது. அடித்துவிடுங்கள். வயதுக் கேள்வியிலும் கவனம் வேண்டும், ஏனென்றால் இங்கே பார்க்கிற கண் யாருடையது என்று எளிதில் குழம்பிவிடும்.

5. கடிதம், டைரி, மெசேஜ்

இதை நீளமாக எழுதப் போவதில்லை. முழு நாவலையும் இப்படிக் கொண்டுபோவது ரொம்பக் கடினம். 1774இல் வந்த கதேயின் 'இளம் வெர்தரின் துயரங்கள்' (வெர்தர் பதின்வயதுப் பையன் இல்லை, இருந்தாலும்) முழுக்கக் கடிதமாகப் போகிறது. கடைசியில் பதிப்பாசிரியர் ஒருவர் உள்ளே வந்து கதையை முடித்துவைக்க வேண்டியிருக்கிறது, கடிதம் எழுதுகிறவனால் தன் முடிவைச் சொல்ல முடியாது என்பதால். 2012க் கதையில் இன்னொரு தடங்கல்: சரண்யாவிடம் போன் இல்லை, இருப்பது அம்மாவின் போன். அனுப்பிய எஸ்எம்எஸ் அழிக்கப்பட்டிருக்கும். மிஸ்டு கால்தான் கடிதம். ஜியோ வந்த 2016 செப்டம்பருக்குப் பிறகு நடக்கும் கதை என்றால் வாட்ஸ்அப் சாட் இயல்பாக உள்ளே வரும். அப்போதும் ஒன்றிரண்டு அத்தியாயத்துக்கு மேல் ஸ்மைலி படிக்க யாருக்கும் பொறுமை இருக்காது. மற்ற நான்கில் ஒன்றை எடுத்து, இதை ஊறுகாய் மாதிரித் தொட்டுக்கொள்வது நல்லது.

ஒரே பார்வையில்

| சொல்கிறவர் | சூடு | எதிரில் இருக்கும் ஆள் | தெரிவதில் இடைவெளி | மறைவான செலவு |
|---|---|---|---|---|
| வளர்ந்தவர் | குறைவு | உறைந்துபோகலாம் | உங்கள் கையில், வாயை அடக்கினால் | பெருமூச்சு |
| பதின்வயது 'நான்' | மிக அதிகம் | மறைந்துபோகலாம் | நுணுக்கமாக ஒளித்துவைக்க வேண்டும் | வட்டார மொழி, காலப் பிழை |
| நண்பர், தோழி | நடுத்தரம் | நன்றாகத் தெரிவார் | இயல்பாகவே உண்டு | அவருக்கும் ஒரு கதை வேண்டும் |
| படர்க்கை | நடுத்தரம் முதல் அதிகம் வரை | இரு பக்கமும் போனால் தெரிவார் | சீக்கிரம் தீர்ந்துவிடும் | எழுத்தாளரின் தலை |
| கடிதம், மெசேஜ் | தெறிப்பாக வரும் | ஒரு பக்கம் மட்டும் | அதிகம் | முடிக்க முடியாது |

எந்தக் கதைக்கு எது

அந்தக் காதல் பின்னாளில் என்ன ஆயிற்று என்பதுதான் உங்கள் நாவலின் பாதி என்றால், இருபது வருடம் கழித்து ஒரு சந்திப்பு, ஒரு சாவு, ஒரு உண்மை வெளிவருவது என்று ஏதாவது இருந்தால், முதல் வழி. அப்படி எதுவும் இல்லாமல் வெறுமனே ஏக்கத்துக்காகப் பெரியவரை உட்காரவைக்காதீர்கள்.

கதை ஒரு கோடை, ஒரு பருவம், ஒரு டூர் என்று குறுகிய காலத்துக்குள் முடிகிறதா? நீங்கள் வளர்ந்த ஊரின் பேச்சு இன்னும் உங்கள் நாக்கில் இருக்கிறதா? அப்படியானால் துணிந்து இரண்டாவது வழிக்குப் போங்கள், 150 பக்கத்துக்குள் முடியுங்கள். அதற்கு மேல் அந்தக் குரல் மூச்சு வாங்கும்.

சாதி, பணம், குடும்ப மானம் குறுக்கே நிற்கும் கதை என்றால் எனக்குத் தோழிதான். இரண்டு வீட்டு அடுப்பங்கரைக்கும் போய்வரக்கூடியவர் அவர் ஒருவர்தான். பெரியவர்கள் அவர் முன்னால் பேசுவார்கள், அவரை ஒரு பொருட்டாக நினைக்காததால். படர்க்கையை, இரண்டு பேர் வளர்வதும் சமமான கதையாக இருக்கும்போது மட்டும் எடுப்பேன். ஒருவர் மட்டும் வளர்ந்து, மற்றவர் அதற்குக் காரணமாக மட்டும் இருந்தால் அத்தியாயத்தைப் பங்கு போடுவது வெறும் கண்துடைப்பு.

இன்னும் முடிவெடுக்க முடியாதவர்கள் முழு நாவலையும் மாற்றி எழுதக் கிளம்ப வேண்டாம். உங்கள் கதையில் டிக்கெட் மாதிரி ஒரு பொருளை, இரண்டு பேருக்கும் வேறு வேறு அர்த்தம் உள்ள ஒன்றை, எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு காட்சியை இரண்டு குரலில் இரண்டிரண்டு பக்கம் எழுதுங்கள். எதில் மற்றவரைப் பற்றி உங்களுக்கே தெரியாத ஒன்று வந்து விழுகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு மாலை போதும். எனக்கு ஒன்றரை வருடம் மிஞ்சியிருக்கும்.

போன் செய்த நண்பரிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "உங்கள் நாவலில் அந்தப் பெண்ணுடைய அப்பா என்ன வேலை பார்க்கிறார்?" கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "யோசிச்சுட்டுக் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டார். இன்னும் கூப்பிடவில்லை.